கேட்போர் கூடிய கதை

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், திண்டிவனத்திலிருந்து என்னைக் காண ஒரு பெண் வந்தாள். முன்பு என்னிடம் வரலாறு பயின்றவள். இப்பொழுது ஒரு பள்ளியில் ஆசிரியை. ஓய்வு கிடைக்கும் போதெல்லாம் செஞ்சிக் கோட்டையைப் பற்றியும், மரக்காணத்து உப்பளங்களைப் பற்றியும், தன் ஊர் ஏரியைப் பற்றியும் பேசி, அப்பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றி வருகிறாள். இத்தகைய தொடர்ப் பேச்சை உலகம் பாட்காஸ்ட் என்று வழங்குகிறது. தமிழில் வலையொலி என்கிறோம். “ஐயா, பன்னிரண்டு பேச்சுகள் பேசிவிட்டேன். கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப்பேர் என் உறவினர். இதோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்” என்றாள்.

வலையொலியை வளர்க்கும் வழிகளைக் கூறும் நூல்களுக்கு இக்காலத்தில் குறைவில்லை. கூட்டங்கள் நடத்து, பலரோடும் தொடர்பு கொள், பிறருடைய தொடரில் விருந்தாகச் சென்று பேசு, உன் தொடருக்குப் பிறரை அழை என்பனவே அவற்றின் சாரம். அவள் அவற்றையும் படித்திருந்தாள். “அவையெல்லாம் பட்டணத்துக்குச் சரி, ஐயா. திண்டிவனத்தில் யாரைப் போய்க் கூட்டுவது?” என்றாள்.

அக்கேள்வி எனக்கு நகைப்பையும் தந்தது; சிறிது வருத்தத்தையும் தந்தது. கூட்டம் கூட்டும் கலையில் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் ஆகிய வட்டாரத்துக்கு ஈடாக வேறொன்றைக் காட்டுவது எளிதன்று. ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில், பதினெட்டு நாளும் அதற்கு மேலும், ஊரை உட்காரவைத்து ஒரே கதையைக் கேட்கச் செய்த நாடு இது. அன்று அவளுக்கு நான் சொன்னவற்றையும், அவள் சென்ற பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்தே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் காஞ்சிபுரத்துப் பக்கம் செல்வோம். அங்கே கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு ஒன்று, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கொடையைக் கூறுகிறது. கொடைப் பொருளைப் பங்கு பிரிக்கும் இடத்தில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வரலாறு கற்கும் மாணவர்கள் இச்செய்தியை அறிந்திருக்கக் கூடும். ஆனால், அதன் பக்கத்திலேயே உள்ள மற்றொரு செய்தியைப் பலரும் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். அம்மண்டபத்துக்கு வேண்டிய நீருக்கும் நெருப்புக்கும் என்று தனியே ஒரு பங்கு உண்டு. வாசிப்பவனுக்கு எவ்வளவோ அவ்வளவு, வந்து அமர்வோர்க்கு வேண்டிய வசதிக்கும் ஒதுக்கினான் அரசன் என்று நான் பொருள் கொள்கிறேன். கேட்பவனுக்குத் தாகம் எடுக்கும் என்பதை நினைத்துப் பார்த்த ஆவணம் அது. சொற்பொழிவாளர்கள் பலர் இன்றும் நினைத்துப் பாராத செய்தி!

கூரத்துக்குத் தெற்கே இருப்பது நம்முடைய நடுநாடு. பாரதத்தைத் தமிழ் விருத்தங்களில் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர், இந்நாட்டின் பகுதியாகிய திருமுனைப்பாடியைச் சேர்ந்தது என்பர். அவரை ஆதரித்த வக்கபாகை வரபதியாட்கொண்டானும் இப்பகுதியின் தலைவனே. அந்நூல் ஏட்டில் மட்டும் நின்றுவிடவில்லை. செஞ்சிக்கு அருகேயுள்ள மேலைச்சேரியைத் தலைமை இடமாகக் கருதும் திரௌபதியம்மன் வழிபாடு இவ்வட்டாரமெங்கும் பரவியபோது, வில்லிபாரதமும் அதனோடு ஊர் ஊராகச் சென்றது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் பல ஆண்டுகள் இப்பகுதியில் சுற்றி ஆராய்ந்து, 1988-இல் இவ்வழிபாட்டைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்பதே அப்பகுதியின் துணைத் தலைப்பு. கடல் கடந்து வந்த ஒருவர் செஞ்சியையும் குருட்சேத்திரத்தையும் ஒரே வரியில் நிறுத்தினார். நாமோ அவ்வூர்களின் வழியே பேருந்தில் உறங்கிக்கொண்டு செல்கிறோம்.

அறுவடை முடிந்து, களத்துமேடு வெறிச்சோடும் காலத்தில் விழா தொடங்கும். கொடி ஏறும், காப்புக் கட்டுவார்கள். பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வந்து அமர்வார். வில்லியின் பாட்டை இசையோடு பாடுவார். பிறகு அதற்குப் பேச்சுவழக்கில் பொருள் கூறுவார். இடையிடையே உள்ளூர்ச் செய்தியும் வரும், நையாண்டியும் வரும், அண்ணன் தம்பி வழக்கும் வரும். சூதாட்டத்தில் தருமன் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் இடத்தில் ஏட்டை மூடிவிட்டு, மீதியை மறுநாளைக்கு வைப்பார். மறுநாள் வராமல் இருக்க யாரால் இயலும்? ஒன்றை விட்டால் அடுத்ததற்குத் தொடர்பு அறுந்துவிடும் என்று அஞ்சி வந்தவர்கள், சில நாள்களில் பழக்கத்தால் வந்தார்கள். அதன் பின்னர் பக்கத்தில் அமர்பவர்களுக்காக வந்தார்கள். இம்மூன்றாவது நிலையை எட்டிய பிறகு கூட்டம் கலைவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இரவில் தெருக்கூத்து. பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் காண்பார்கள். கூத்துக்கு முன் மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து நெடுநேரம் முழங்கும். களரி கட்டுதல் என்று அதற்குப் பெயர். புதிதாகப் பார்ப்பவர்கள், ஆட்டம் தொடங்காமல் வீணாக அடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று சலிப்பார்கள். அது வீண் அன்று. இரவின் அமைதியில் அவ்வோசை வயல்களைக் கடந்து அடுத்த ஊர்களுக்குச் செல்லும். சோறு உண்டுகொண்டிருப்பவனை எழுப்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படச் செய்யும். பிறகு கட்டியங்காரன் வருவான். அவன் அத்தினாபுரத்து வாயிற்காவலன். ஆயினும், அந்த ஊரின் குறைகளை அறிந்தவன், முன்வரிசைக்காரரைக் கிண்டல் செய்யத் தெரிந்தவன். அருச்சுனன் தபசு அன்று, நடிகர் உயர்ந்த மரத்தின் மேல் ஏறிப் பாடுவார். கீழே நிற்போர் அண்ணாந்து பார்ப்பார்கள். இறுதியில் படுகளம்: தரையில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். அதற்குப் பின் தீமிதி. கதை கேட்க வந்தவர்கள் கதைக்குள் நடந்துபோகும் நாள் அது.

இதன் பின்னணியில் இருந்த ஏற்பாட்டையும் எண்ணிப் பாருங்கள். வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்தரை அழைத்தது ஊர். வீட்டுக்கு வீடு வரி போட்டது ஊர். பிரசங்கியாருக்கு உணவும் தங்குமிடமும் தந்தது ஊர். ஓர் ஊரில் நன்றாகச் சொன்னவரை அடுத்த ஊரார் வந்து கேட்டுவிட்டு, தம் விழாவுக்கு நாள் குறித்துக்கொண்டு போவார்கள். பெண் கொடுத்த ஊருக்கும் பெண் எடுத்த ஊருக்கும் அழைப்புப் போகும். தொடர்பு கொள், பிறர் மேடையில் பேசு என்று இன்றைய நூல்கள் கூறுவதைக் கூத்தர்கள் நூல் இல்லாமலே செய்தார்கள். ஆனால், ஒன்றில் வேறுபாடு உண்டு. இங்கே கேட்போரைச் சேர்த்தவன் பேசுபவன் அல்லன். கேட்போரே தம்மைச் சேர்த்துக்கொண்டு, பேசுபவனை அழைத்தார்கள்.

இப்படிச் சொல்லும்போது ஊர் என்ற சொல்லை எளிதாகச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் யார் இருந்தார், யார் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதி என்னும் சிற்றூரில், தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலினுள் சென்று வழிபடுவது பற்றிய பூசல் முற்றி, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரையிட்டார்கள். நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சு மாதத்தில் பூசைக்காக அது திறக்கப்பட்டது. அதுவும் ஒரு திரௌபதியம்மன் கோயிலே. அவையின் நடுவே நின்று நீதி கேட்டவளின் கோயிலில் யார் நிற்கலாம் என்ற வழக்கு, நம் காலத்தில், நம் கண்முன் நடந்தது. பழம்பெருமை பேசுவோர் இதை மறைத்துப் பேசுதல் தகாது.

இருப்புப் பாதை வந்த பிறகு கூட்டம் கூட்டும் முறை மாறிற்று. 1870-களில் சென்னையிலிருந்து தெற்கே பாதை நீண்டது. 1879-இல் புதுச்சேரிக்குக் கிளை பிரிந்ததும் விழுப்புரம் சந்திப்பாயிற்று. நாடகக் கம்பெனிகள் திரைச்சீலைகளையும் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரம் நகரமாகச் சென்றன. கூத்தரை ஊர் அழைத்தது. கம்பெனியோ தானே வந்து கொட்டகை போட்டு ஊரை அழைத்தது. மாட்டுவண்டியில் மேளம் கொட்டி, வழியெல்லாம் நோட்டீசு வீசுவது அக்காலத்தில் பிறந்த வழக்கம். நாடக ஆசிரியர் சங்கரதாச சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். 1928-இல் விழுப்புரத்தில் பிறந்த சின்னையா கணேசன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பின்னர்ச் சிவாஜி கணேசன் ஆன கதையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வானொலிக்கு வருவோம். 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பத் தொடங்கிற்று. முதலில் இருந்த கருவி 40 வாட் ஆற்றல் உடையது. நம் வீட்டு மின்விளக்கு ஒன்றின் அளவு. நாட்டில் ஆர்வலர் கழகங்கள் நடத்திய தொடக்க முயற்சிகளுள் இது சிறப்பானது. ஆயினும் மூன்று ஆண்டுகளே நடந்தது. பணம் இல்லாமல் 1927-இல் நின்றுவிட்டது. கேட்க விரும்புவோன் கழகத்துக்குச் சந்தாவும் கட்டவேண்டும், கருவியும் வாங்கவேண்டும் என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? பேச்சு இருந்தது, இசை இருந்தது, அலை வானத்தில் பரவிற்று; கேட்கும் செவிகள்தாம் சிலவாக இருந்தன.

அக்கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது செய்த ஒரு காரியம் என்னைப் பெரிதும் கவர்ந்தது. மெரீனாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்திற்று. கருவி வாங்க இயலாதவனும் மாலையில் காற்று வாங்க வந்தான். வந்தவன் பாட்டுக் கேட்டான். கூரத்து மண்டபம் கடற்கரை மணலுக்கு வந்துவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் தொடங்கின. எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி என்பதை அச்சிட்டு ‘வானொலி’ என்ற இதழ் வந்தது. அதைப் பார்த்து அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கைகால் கழுவி வந்து அமர்வோரை நான் சிறுவயதில் கண்டதுண்டு.

என் சொந்த ஊர், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, விக்கிரவாண்டிப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1960-களில் எங்கள் ஊராட்சிக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. வீட்டில் வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டவேண்டிய காலம் அது. அக்கட்டணம் 1980-களில்தான் நீங்கியது. ஆகவே, எங்களுக்கு வானொலி என்றால் ஊராட்சி வானொலியே. பெட்டி அறைக்குள் இருக்கும். ஒலிபெருக்கிக் குழல் வெளியே கம்பத்தில் இருக்கும். கீழே வேப்பமரமும் ஒரு திண்ணையும் உண்டு. மாலையில் சாவி வந்து கதவு திறக்கும்வரை நாங்கள் காத்திருப்போம். சாவி வைத்திருந்தவர் வெளியூர் சென்றால் அன்றைக்கு நாட்டில் செய்தியே இல்லை! ஒருமுறை பெட்டியில் ஏதோ பழுதாகி, பல மாதங்கள் ஊமையாகவே இருந்தது. அப்போதும் சிலர் வழக்கமான நேரத்துக்கு வந்து அந்தத் திண்ணையில் அமர்ந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது, ஒலி இல்லை.

ஊருக்கு அப்பால் இருந்த சேரியின் மக்கள் அந்த வேப்பமரத்தடிக்கு வருவதில்லை. சாலையின் மறுபுறத்தில், மதகுக் கட்டையின்மேல் அமர்ந்து கேட்டார்கள். ஒலிக்குச் சாலை தடையாக இருக்கவில்லை, மனிதர்க்கு இருந்தது. என் வயதுச் சிறுவன் ஒருவன், நகைச்சுவை நாடகம் வரும்போதெல்லாம் அங்கிருந்து உரக்கச் சிரிப்பான். இப்பக்கத்தில் நாங்களும் அதே கணத்தில் சிரிப்போம். ஒரே கணத்தில் சிரித்தவர்கள் ஏன் ஒரே திண்ணையில் அமரவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதவாறு வளர்க்கப்பட்டிருந்தேன்.

வானொலியை ஊரில் வைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஓர் ஆய்வு, 1956-இல் மராத்திய நாட்டில் நடந்தது. கனடாவில் 1941 முதல் உழவர்கள் அண்டை வீடுகளில் கூடி வானொலி கேட்டு, கேட்டதைத் தமக்குள் ஆராய்ந்து வந்தனர். யுனெஸ்கோவின் துணையுடன் அம்முறையைப் பூனா வானொலி எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 150 சிற்றூர்களில் கேட்போர் குழுக்கள் அமைந்தன. பத்து வாரம், வாரம் இருமுறை, அரைமணி நேரம் ஒலிபரப்பு. ஆக இருபது நிகழ்ச்சிகள். குழுவில் ஏறத்தாழ இருபது பேர். கேட்டு முடித்ததும் கலைந்துவிடக் கூடாது, இருந்து பேசவேண்டும். ஐயங்களை அமைப்பாளர் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். பின்வரும் ஒலிபரப்பில் அவற்றுக்கு விடை வரும். பம்பாயில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் சார்பில் பால் நியூராத் என்பார் இதை மதிப்பிட்டார். அவர் செய்த நுட்பம் யாதெனில், குழு உள்ள ஊர்களோடு, வானொலி இருந்தும் குழு இல்லாத ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் சேர்த்து ஆராய்ந்ததாகும்.

குழுக்கள் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலி இருந்தும் குழு இல்லாத ஊர்களிலோ வளர்ச்சி மிகக் குறைவு. பெட்டி ஒன்றே, பேச்சும் ஒன்றே. திண்ணையில் இருந்து பேசிக்கொண்டதும், பேசியது நிலையத்தின் செவிக்கு எட்டியதுமே வேறுபாடு. எங்கள் ஊர் வேப்பமரத்தடியை நினைத்துக்கொண்டு நான் அவ்வறிக்கையைப் படித்தேன். எங்களிடம் பெட்டி இருந்தது, மரம் இருந்தது, சாலைக்கு இருபுறமும் ஆட்கள் இருந்தார்கள். கேட்டபின் பேசுவதற்கு எங்களை அமர்த்துவார் இல்லை.

1959-இல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. தஞ்சைப் பக்கத்தில் 1960-களின் நடுவில் திருச்சி வானொலி பரப்பிய ஆடுதுறை 27 என்ற நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். கேட்பவன் தன் வயலில் விதைக்கும் அளவுக்கு ஒரு குரலை நம்பினான் என்றால், அதைவிடப் பெரிய கூட்டம் எந்தப் பேச்சாளனுக்கு வேண்டும்?

கேட்போரை இழந்த கதையும் ஒன்று உண்டு. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசையால் நாட்டின் இசைச்சுவை கெடுகிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப் போயிற்று. செவ்விசை கேட்கட்டும் என்பது அவருடைய எண்ணம்; தீய எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஆனால், மக்கள் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே எஸ். பி. மயில்வாகனன் போன்றோரின் குரல் வீட்டுப் பிள்ளையின் குரல்போல ஒலித்தது. இங்கிருந்து அஞ்சலட்டை எழுதிப் போடுவார்கள். அங்கிருந்து பெயரும் ஊரும் சொல்லிப் பாட்டு வைப்பார்கள். கடல் கடந்து தன் ஊர்ப்பெயர் ஒலிப்பதைக் கேட்டவன், அவ்வாரம் முழுவதும் ஊரில் ஒரு சுற்றுப் பெரியவனாகவே நடப்பான். பாட்டுக்காக எழுதினார்கள் என்று பலர் சொல்வார்கள். பெயருக்காகவே எழுதினார்கள் என்பது என் துணிபு. 1957 அக்டோபர் 3-இல் விவிதபாரதியைத் தொடங்கி, போன நேயர்களைத் திரும்ப அழைக்கவேண்டியதாயிற்று. 1967 செப்டம்பர் 23-இல் புதுச்சேரியில் நிலையம் அமைந்தபோது, விழுப்புரம் திண்டிவனத்து மக்களுக்கு வானொலி அண்டை வீடாயிற்று.

பாட்காஸ்ட் என்ற சொல் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் இலண்டன் ‘கார்டியன்’ இதழில் எழுதிய கட்டுரையில் முதன்முதல் தோன்றியது. அதன் பொறிமுறை எளியது. ஒருவர் ஒரு தொடருக்குத் தம்மைப் பதிந்துகொண்டால், புதிய பேச்சு வந்தவுடன் அது அவருடைய கருவியைத் தானே வந்து சேரும். குறித்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை; விரும்பிய போது கேட்கலாம். நிலையம் வேண்டா, உரிமம் வேண்டா, சாவிக்காரரும் வேண்டா. இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே விடுதலை திண்ணையைக் கலைத்துவிட்டது. ஒருவர் பேருந்தில் கேட்கிறார். ஒருவர் நள்ளிரவில் கேட்கிறார். ஒருவர் பாதியில் நிறுத்தி மறந்துவிடுகிறார். ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார். பேசுபவருக்குத் திரையில் ஓர் எண் தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

“அந்த எண்ணைப் பார்ப்பதை ஒரு மாதம் நிறுத்து, அம்மா. உன் ஊர் ஏரியைப் பற்றிப் பேசினாயே, அதை அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்காரர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?” என்று என் மாணவியைக் கேட்டேன். அவள் விடை கூறவில்லை. புறப்படும்போது, “எங்கே உட்காரவைப்பது?” என்று மட்டும் கேட்டாள். நல்ல கேள்வி அது. கோயில் மண்டபம் என்றால் சிலர் வரமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர்த் தொடக்கப் பள்ளியின் முற்றம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் சென்றிருந்தேன். இரண்டு நாள் முன்பே கையால் எழுதிய அறிவிப்பைத் தேநீர்க் கடையிலும், பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலிலும், காலனித் தெருவின் தண்ணீர்த் தொட்டி அருகிலும் ஒட்டியிருந்தாள். ஒரு குடம் தண்ணீரும் குவளைகளும் வைத்திருந்தாள். கூரத்துச் செப்பேட்டை மறக்கவில்லை போலும். பாய் விரித்து, சிறிய ஒலிப்பெட்டியில் ஏரியைப் பற்றிய பேச்சை ஓடவிட்டாள். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்ததால் சரியாக எண்ண இயலவில்லை. முதலில் காலனியைச் சேர்ந்தவர்கள் சுற்றுச்சுவரின் ஓரமாகவே நின்றார்கள். அவள் இரண்டு பாய்களை எடுத்துக்கொண்டு போய் நடுவில் விரித்த பிறகு, சிலர் வந்து அமர்ந்தார்கள். சிலர் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

பேச்சு பாதியளவு ஓடியிருக்கும். அதில் தென்புறத்து மதகின் பெயர் ஒன்று வந்தது. அவள் ஏதோ பழைய வரைபடத்தில் கண்டு சொன்ன பெயர். சுவரோரத்தில் நின்ற மூதாட்டி ஒருவர், “அந்த மதகுக்கு அது பேர் இல்லை, கண்ணு” என்றார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, குறுக்கே பேச வேண்டாம் என்பதுபோலக் கையசைத்தார். மூதாட்டி நிறுத்தவில்லை. அவருடைய மாமனார் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவராம். மழைக்காலத்து இரவுகளில் கையில் அரிக்கேன் விளக்குடன் கரையைச் சுற்றி வந்தவர், எந்த மதகை எத்தனை நாழிகை திறப்பது என்று கணக்கு வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டுத் தந்தவருக்கு, அந்த ஏரியின் கீழ் ஒரு காணி நிலமும் இருந்ததில்லையாம்.

என் மாணவி ஒலிப்பெட்டியை நிறுத்தினாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு சுவரோரத்துக்குச் சென்று, அம்மூதாட்டியின் எதிரே தரையில் அமர்ந்தாள். முன்வரிசையில் இருந்தவர்களும் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்கள். இருட்டிய பிறகும் பேச்சு நீண்டது; யாரோ பள்ளியின் விளக்கைப் போட்டார்கள்.

அப்பதிவு பதின்மூன்றாவது பேச்சாக வெளிவந்தது. அதில் என் மாணவியின் குரல் முதல் இரண்டு மணித்துளிகளுக்குத்தான் கேட்கிறது.